இரண்டாவது டேங்க்

படகுக் கொட்டகையின் கதவு பின்னால் சாத்திக்கொண்டபோது காற்றுதான் தள்ளிவிட்டது என்று ரக்னா டோலஃப்சன் நினைத்தாள். அடுத்த நொடி வெளியே இரும்புத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. காற்றுக்குத் தாழ்ப்பாள் போடத் தெரியாது.

"பாஸ், நம்மள ராத்தங்கச் சொல்றாங்க போல," என்றான் க்ளீவ்.

இருவரும் மாறி மாறித் தோளால் இடித்துப் பார்த்தார்கள். கதவு அசையவில்லை. உள்ளே கவிழ்த்துப் போட்ட அலுமினியப் படகு ஒன்று, மூலையில் துடுப்புகள், ஆணியில் தொங்கும் பழைய மழைக்கோட்டு. ஜன்னல் கிடையாது. பலகை இடுக்குகள் வழியாகப் பனித்தூள் மாவு சலித்ததுபோல உள்ளே விழுந்துகொண்டிருந்தது. உறைந்த மண்ணின் குளிர் பூட்ஸைத் தாண்டிக் கணுக்காலுக்கு ஏறியது. பட்டப்பகல்தான், ஆனால் வெளியே புயல் தொடங்கியிருந்ததால் இடுக்கு வழியே தெரிந்தது வெறும் வெள்ளை. செல்போன் சிக்னல் பாதி ஏரியைத் தாண்டியபோதே போய்விட்டிருந்தது.

பலகைச் சுவருக்கு அந்தப்புறம் ஒரு ஜெனரேட்டர் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைத் தேடித்தான் இந்தத் தீவுக்கே வந்திருந்தார்கள்.

ரக்னா பல வருடம் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுபவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள். தானே எரித்த வீட்டுக்காக அழுபவனை, அவன் அழும் விதத்தை வைத்தே கண்டுபிடிப்பாள் என்று பெயர். பிறகு டுலூத் நகரத்தில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். க்ளீவ் டியுகெட் அவளுடைய உதவியாளன். முன்பு டாக்சி ஓட்டியவன். கையும் காலும் ஓய்ந்தாலும் வாய் ஓயாது.

அந்த வாரத் தொடக்கத்தில் லொரேன் என்றொரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். வெள்ளைக் கம்பளிக் கோட்டு, மாறாத சிரிப்பு, பேச்சுக்குப் பேச்சு 'கண்ணு'. அவளுடைய அக்கா வெர்னா சோல்ஹைம் நுரையீரல் நோயாளியாம். அக்கா புருஷன் ஆர்லோ அவளை எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டான், கேட்டால் உறவுக்காரர் வீட்டில் இருப்பதாகச் சொல்கிறான், உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. இடம் தெரிந்ததும் முதலில் தனக்குச் சொல்ல வேண்டும். வெளியாள் போய் நின்றால் அக்கா பயந்துவிடுவாள்.

ரக்னாவும் க்ளீவும் ஆர்லோவின் ஊரான ஹால்வருக்குப் போனார்கள். ஏரிக்கரை ஊர். வெர்னா தெற்கே ஏதோ முதியோர் இல்லத்தில் இருந்தாள், ஆர்லோ போய் அழைத்து வந்தான், அதன்பிறகு யாரும் அவளைப் பார்க்கவில்லை என்பதைத் தவிர ஊருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. துப்பு கிடைத்தது பெட்ரோல் பங்கில்.

பங்கில் கல்லாவில் இருந்த மேவிஸ் என்ற பெண் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள். ஆர்லோவை ஊரில் எல்லோரும் 'ரெகுலர் ஆர்லோ' என்றுதான் கூப்பிடுவார்களாம். யாராவது தன் காருக்கு பிரீமியம் பெட்ரோல் போடுவதைப் பார்த்தால் அவனுக்குப் பொறுக்காது. பக்கத்தில் போய் நின்று, கார் கம்பெனிக்காரனே ரெகுலர் போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கும்போது எதற்காகக் காசைக் கொளுத்துகிறாய் என்று பாடம் எடுப்பான். காபிக் கடையில் இதனால் சண்டைகூட வந்திருக்கிறது. அப்பேர்ப்பட்டவன் கொஞ்ச நாளாக பிரீமியம் போடுகிறான். அதிலும் வேடிக்கை, அவனுடைய பழைய பிக்கப் வண்டியில் இரண்டு டேங்க். முன் டேங்குக்கு எப்போதும்போல ரெகுலர். பின் டேங்குக்கு மட்டும் பிரீமியம்.

காருக்குத் திரும்பியதும் க்ளீவ் தன் கட்சியைச் சொன்னான். அவன் எப்போதும் பிரீமியம்தான் போடுவான். தன் துருப்பிடித்த கார் அதற்கு நன்றியோடு ஓடுகிறது என்பது அவன் நம்பிக்கை. ஆர்லோவுக்கும் கடைசியில் புத்தி வந்துவிட்டது என்றான்.

"உன் கார் நன்றியோட ஓடல, விதியேன்னு ஓடுது," என்றாள் ரக்னா. "பிரீமியத்துல கூடுதலா இருக்கற ஆக்டேன் சத்து மருந்து இல்ல. பெட்ரோல் சிலிண்டருக்குள்ள அவசரப்பட்டு முன்னாடியே பத்திக்காம இருக்கறதுக்கு. அழுத்தம் அதிகமா இருக்கற இன்ஜினுக்கு அது வேணும். உன்னோடதுக்கு எதுக்கு? ஆர்லோ சொன்னது சரிதான்."

"அப்ப ஏன் போடறான்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். இன்ஜினுக்காகப் போட்டிருந்தா ரெண்டு டேங்க்லயும் போட்டிருப்பான். இருக்கறது ஒரே இன்ஜின். ஒரு வயித்துக்கு யாராவது ரெண்டு சமையல் பண்ணுவாங்களா?"

அவள் பம்பில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினாள். அந்த ஊர் ரெகுலரில் ஆல்கஹால் கலந்திருக்கும். பிரீமியத்தில் கிடையாது. பனி வண்டி, படகு, சிறிய இயந்திரங்களுக்கு ஏற்றது என்று அதில் போட்டிருந்தது. ஆல்கஹால் கலந்த பெட்ரோல் நாள்பட நின்றால் சின்ன இயந்திரங்களின் கார்புரேட்டரில் பிசினாகிவிடும். ஆக, ஆர்லோ வாங்குவது வண்டிக்கு அல்ல. அவனிடம் எங்கோ ஒரு சின்ன இயந்திரம், எந்நேரமும் நிற்காமல் ஓட வேண்டியது, இருக்கிறது. கேனில் வாங்கினால் மேவிஸ் எதற்கு என்று கேட்பாள். டேங்கில் வாங்கினால் சிரிப்பாளே தவிர கேட்கமாட்டாள்.

"பின் டேங்க் டேங்கே இல்ல," என்றாள் ரக்னா. "ஊர் கண்ணுக்குத் தெரியாத கேன்."

மற்றது சுலபமாக இருந்தது. ஆர்லோவின் குடும்பத்துக்கு ஏரி நடுவே தீவில் ஒரு கோடைக்கால மரவீடு உண்டு. குளிர்காலத்தில் அங்கே மின்சாரம் கிடையாது. உறைந்த ஏரியின் மேல் அவன் வண்டித்தடம் நேராகத் தீவுக்குப் போயிருந்தது. கரையில் க்ளீவ், ஒப்புக்கொண்டிருந்தபடியே, பக்கத்து ஊரில் காத்திருந்த லொரேனுக்கு ஃபோன் செய்து இடத்தைச் சொன்னான். பிறகு பனிக்கட்டி மேல் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து, ஜெனரேட்டர் சத்தத்தைத் தொடர்ந்து கொட்டகைக்குள் தலையை நீட்டினார்கள். தாழ்ப்பாள் விழுந்தது.

"அந்த அம்மாவை அடைச்சு வெச்சிருக்கான். இப்ப நம்மளயும் அடைச்சுட்டான்," என்றான் க்ளீவ். கைகளை அக்குளில் செருகிக்கொண்டிருந்தான். "ஒரு சந்தேகம் பாஸ். நாம விறைச்சுப் போனா கம்பெனி பேர்ல மலர்வளையம் யார் வைப்பா?"

ரக்னா கதவைத் தட்டி, ஆர்லோவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். தாங்கள் யார், என்ன தொழில் என்பதைச் சொன்னாள். வெளியே யாரோ நிற்பது தெரிந்தது. மூச்சு விடுவது கூடக் கேட்டது. பிறகு காலைத் தேய்த்துத் தேய்த்து இன்னொருவர் நடந்து வரும் சத்தம். உள்ளே போ, குளிரில் வராதே என்று ஓர் ஆண்குரல் கெஞ்சியது.

"உங்கள... யார் அனுப்பினது?" என்றது ஒரு பெண்ணின் குரல். ஓரிரு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சுக்காக நின்றது.

"வெர்னாவா? பயப்படாதீங்க. உங்க தங்கச்சி லொரேன்தான் அனுப்பினாங்க."

காலைத் தேய்க்கும் சத்தம் கதவுக்கு இன்னும் அருகே வந்தது.

"எனக்குத் தங்கச்சி கிடையாதும்மா," என்றது குரல். "நான் ஒத்தப் பொண்ணு."

க்ளீவ் ரக்னாவைத் திரும்பிப் பார்த்தான். கேட்டவுடன் பொய்யை மோப்பம் பிடிப்பவள், தன் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டவளை விசாரிக்கவே இல்லை.

வெர்னா கேட்டாள், அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பேசுவாளா, எல்லோரையும் கண்ணு என்பாளா என்று. ஆமாம் என்றாள் ரக்னா. தாழ்ப்பாள் தூக்கப்பட்டது.

ஆர்லோ சோல்ஹைம் ஒல்லியான, உயரமான மனிதன். தாடியில் பனி ஒட்டியிருந்தது. கையில் பனிக்கட்டி உடைக்கும் கடப்பாரை. அவனுக்குப் பின்னால் போர்வை சுற்றிய வெர்னா. மூக்கிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் இறங்கி, தரையோடு ஓடி, மரவீட்டுக் கதவின் அடியில் நுழைந்திருந்தது. அந்தக் குழாயின் நீளம்தான் அவளால் போக முடிந்த தூரம்.

மரவீட்டுக்குள் ஆக்ஸிஜன் மெஷின் கட்டிலருகில் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் சின்ன மின்சார ஹீட்டர். ஆர்லோ சுருக்கமாகச் சொன்னான். வெர்னா இருந்த இல்லத்தின் உரிமையாளர் பெயர் க்ளென்னா மேடக்ஸ். நீங்கள் லொரேன் என்று சொல்வது அவளைத்தான். போன வருடக் குளிர்காலத்தில் ஒரு புயலில் இல்லத்துக்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் அதில் முந்தைய கோடையில் ஊற்றிய, மலிவான பெட்ரோல் அப்படியே கிடந்தது. கார்புரேட்டர் அடைத்துக்கொண்டு, இழுத்து இழுத்துப் பார்த்தும் கிளம்பவில்லை. ஆக்ஸிஜன் மெஷினில் இருந்தவர்களில் விடிந்தபோது உயிரோடு இருந்தது வெர்னா மட்டும். அதிகாரிகள் வருவதற்கு முன் அந்தப் பெட்ரோலை இறைத்துவிட்டுப் புதிதாக ஊற்றச் சொல்லி க்ளென்னா யாருக்கோ உத்தரவிட்டதை, செத்துப்போய்விட்டாள் என்று நினைக்கப்பட்ட வெர்னா படுக்கையிலிருந்து கேட்டாள். வருகிற திங்கட்கிழமை கோர்ட்டில் அவள் அதைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு யார் யாரோ வந்து நோட்டம் விடத் தொடங்கியதும் ஆர்லோ மனைவியை இங்கே கொண்டுவந்துவிட்டான். அரசு வக்கீலுக்கு மட்டும் தெரியும். முதல் வாரம் பழக்கதோஷத்தில் ரெகுலரையே ஊற்றினானாம். ஒரு தடவை ஜெனரேட்டர் திக்கித் திணறி நின்று, திரும்பக் கிளம்புவதற்குள் வெர்னாவின் உதடு நீலமாகிவிட்டது.

"வண்டிக்கு பிரீமியம் ஊத்தறது வெட்டிச் செலவுதான். இப்பவும் அதையேதான் சொல்வேன்," என்றான் ஆர்லோ. "இதுக்கு ஊத்தலேன்னா நான் மனுஷனே இல்ல."

அப்போதுதான் க்ளீவ் தான் கரையிலிருந்து ஃபோன் செய்ததைச் சொன்னான். அதில் நகைச்சுவை எதுவும் இருக்கவில்லை.

ஆர்லோ அவனை அடிக்கக்கூடச் செய்யவில்லை. ஜன்னலுக்குப் போய் நின்றான். போவதற்கு வழியில்லை. மாற்று ஆக்ஸிஜன் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பிக்கப்பிலோ காரிலோ மெஷினுக்கு மின்சாரம் கிடைக்க வழியில்லை. இந்தப் புயலில் ஏரியில் தடம் தவறினால் மணிக்கணக்கில் சுற்ற வேண்டும். இதுவரை அவர்களைக் காப்பாற்றிய தீவு, இப்போது கதவில்லாத அறையாகிவிட்டது. வெள்ளைக்குள் இரண்டு மங்கலான விளக்குகள் தெரிந்தன. க்ளீவ் வந்த தடத்திலேயே ஒரு கார் வந்துகொண்டிருந்தது.

ரக்னா வெர்னாவிடம் குனிந்து, மெஷின் இல்லாமல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டாள்.

"அசையாம, பேசாம இருந்தா... கொஞ்ச நேரம்."

"ஜெனரேட்டரை நிறுத்துங்க," என்றாள் ரக்னா ஆர்லோவிடம். "பிக்கப் மேல தார்ப்பாய் போட்டு வெச்சிருக்கீங்க, அது வீட்டுக்குப் பின்னாடியே இருக்கட்டும். ஆள் இல்லாத வீடுன்னு சொல்லி அவளைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடறேன்."

ஜெனரேட்டர் நின்றது. திடீரென்று விழுந்த அமைதியில் ஆக்ஸிஜன் மெஷின் ஒரு கடைசிப் பெருமூச்சு விட்டு அடங்கியது. ஆர்லோ கட்டிலருகே மண்டியிட்டு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். க்ளீவ் கதவுக்குப் பின்னால் சுவரோடு சுவராக நின்றான். ரக்னா வெளியே போனாள்.

க்ளென்னா தனியாகத்தான் வந்திருந்தாள். அதே வெள்ளைக் கோட்டு. அக்கா எங்கே கண்ணு என்றாள். ரக்னா சலிப்போடு கையை விரித்தாள். தன் யூகம் தப்பு, ஆர்லோ பெட்ரோல் வாங்கியது மீன்பிடிக் குடிசைக்கு, இங்கே யாரும் இல்லை, புயல் முற்றுவதற்குள் கரைக்குப் போய்விடலாம் என்றாள். க்ளென்னா தலையாட்டினாள். பாவம் உனக்கு வீண் அலைச்சல் என்று அனுதாபப்பட்டாள். பேசிக்கொண்டே கையுறையைக் கழற்றி, சாய்ப்பின் கீழிருந்த ஜெனரேட்டரின் மேல், ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலக் கையை வைத்தாள்.

"சூடா இருக்கே, கண்ணு."

ரக்னா அவளுக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவே நகர்ந்து நின்றாள்.

க்ளென்னா கோபப்படவில்லை. குனிந்து, பெட்ரோல் குழாயை ஜெனரேட்டரிலிருந்து பிடுங்கினாள். பெட்ரோல் பனியில் கொட்டத் தொடங்கியது. அதன் வாடை குளிரில் ஊசிபோல ஏறியது.

"நான் யாரையும் தொடல பாத்தியா? ஒரு மெஷின் நின்னுபோச்சு. மெஷின்னா நிக்கத்தான் செய்யும். அன்னிக்கும் நின்னுச்சு, எல்லாரும் அழுதோம், அடக்கம் பண்ணோம். எட்டு மாசப் பெட்ரோல்னு எனக்குத் தெரியுமான்னு இப்ப எல்லாரும் கேக்கறாங்க. உங்கிட்ட சொல்றதுக்கு என்ன கண்ணு, தெரி..."

இன்னும் ஒரு வார்த்தை. கதவுக்குப் பின்னால் க்ளீவ் இருக்கிறான், காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பத்து வழக்குக்குச் சமமான வார்த்தை அது. ரக்னாவின் வாழ்க்கை முழுவதும் அப்படி ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பதுதான் வேலை. அவள் தொழில் கற்றுக்கொடுத்ததெல்லாம், அசையாதே, பேச விடு என்றது. மரவீட்டுச் சுவருக்கு அந்தப்புறம் ஒரு பெண் பேசாமல், அசையாமல் படுத்திருந்தாள்.

ரக்னா குனிந்து ஜெனரேட்டர் டேங்கின் திருகை மூடினாள்.

க்ளென்னா நிறுத்திவிட்டாள். அந்த வார்த்தையை அவள் பிறகு சொல்லவே இல்லை. ரக்னாவின் தோளைப் பிடித்துத் தள்ளினாள். ரக்னா ஒரு கையால் அவளைத் தடுத்துக்கொண்டு மறு கையால் குழாயைத் திரும்பச் செருகினாள். விரல்கள் மரத்துப்போய்ச் சொன்னபடி கேட்கவில்லை. க்ளீவ் ஓடிவந்து இருவருக்கும் நடுவே புகுந்தான். ரக்னா திருகைத் திறந்து கயிற்றை இழுத்தாள். ஜெனரேட்டர் முதல் இழுப்பிலேயே உறுமிக்கொண்டு எழுந்தது.

க்ளென்னா காருக்கு ஓடினாள். யாரும் துரத்தவில்லை. வெள்ளைக்குள் சிவப்பு விளக்குகள் கொஞ்ச தூரம் போயின, ஒரு பக்கமாகச் சாய்ந்தன, நின்றுவிட்டன. தடத்தை விட்டு விலகித் தீவின் கரையோரப் பனிமேட்டில் புதைந்துவிட்டது கார். சக்கரம் வெறுமனே சுற்றுகிற சத்தம் காற்றில் வந்து வந்து போனது. பிறகு அதுவும் நின்றது.

உள்ளே வெர்னாவின் உதட்டுக்கு நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. ரக்னா பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டாள். வெர்னா கண்ணைத் திறக்காமலே, எல்லாம் கேட்டது, அவளை இன்னும் கொஞ்சம் பேச விட்டிருக்கலாமே என்றாள்.

"உங்களுக்கு மூச்சு?"

"அதான்... வந்துருச்சே." அவள் ஆர்லோவின் பக்கம் திரும்பினாள். "வெளில கிடந்தா விறைச்சுப்போவா. போய்க் கூட்டிட்டு வா."

ஆர்லோ வெகுநேரம் அவளையே பார்த்தான். பிறகு ஒரு கயிற்றைக் கதவில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்தபோது க்ளென்னா அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். புருவமெல்லாம் பனி. பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. கார் சாவியை அவன் தன் பையில் போட்டுக்கொண்டான். க்ளீவ் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தான்.

இருந்தது ஒரே அறை. இருந்தது ஒரே ஹீட்டர். அது வெர்னாவின் கட்டிலருகே இருந்தது. க்ளென்னா குளிர் தாங்காமல் நாற்காலியை இழுத்து இழுத்து, கடைசியில் கட்டிலை ஒட்டி வந்து உட்கார்ந்தாள். ஆக்ஸிஜன் மெஷின் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் மூச்சை இழுத்து இழுத்து விட்டது. காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது.

"ஓப்பல்னு ஒருத்தி என் பக்கத்துக் கட்டில்ல இருந்தா," என்றாள் வெர்னா. யாரையும் குற்றம் சொல்லும் குரலில் இல்லை. "உன் பேரைச் சொல்லித்தான்... கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. நீ வந்து ஏதாவது பண்ணுவேன்னு நம்பினா."

க்ளென்னாவின் சிரிப்பு எப்போதோ போய்விட்டிருந்தது. வெளியே காற்று வீட்டை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தது. அந்த உலுக்கலில் ஜெனரேட்டர் சத்தம் ஒரு நொடி தேய்ந்து, ஹீட்டரின் சிவப்பு மங்கி, மீண்டும் எரிந்தது. க்ளென்னா நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். அறையில் இருந்த எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, கடைசியில் ஆர்லோவிடம் கேட்டாள்.

"பெட்ரோல் எவ்வளவு நாளைக்கு வரும்?"

ஆர்லோ மனைவியின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டான்.

"திங்கட்கிழமை வரைக்கும் வரும்," என்றான்.